முகம் தெரிகிற உயரம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் விட்டதா? ஆலையை விட்டு வெளியே வந்து இத்தனை வருஷமாகியும் பஞ்சு உன் நெஞ்சை விடவில்லை போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டப்பகலில் ஒருவன் உள்ளே வந்து, தண்ணீர் மோட்டாரைக் கழற்றி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அந்தச் சைக்கிளும் உன்னுடையது. நீ முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயாம். மோட்டாரைக் கழற்றுவது என்ன, பூப்பறிக்கிற வேலையா? ஸ்பேனர் சத்தம், இரும்பு விழுகிற சத்தம், கேட் கிறீச்சிடுகிற சத்தம், ஒன்றுகூடவா உன்னை எழுப்பவில்லை? அசந்துவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சின்ன வயதில் பூனை நடந்தாலே விழித்துக்கொள்கிற பிள்ளை நீ.

போனில் கேட்கலாம் என்றால் அதிலும் பிரயோஜனம் இல்லை. எதைச் சொன்னாலும் "சரி சரி, வெச்சிடறேன்" என்கிறாய். போன தடவை உன் அத்தான் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்று சொன்னேன். அதற்கும் சரி சரி. அதனால்தான் பழையபடி தபாலுக்கே திரும்பிவிட்டேன். காகிதத்தில் நீ ஒழுங்காகப் பேசுகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு ஒரு கேமரா வைத்துவிடு. எங்கள் தெருவில் பாதி வீட்டில் வைத்துவிட்டார்கள். தனியாக இருக்கிறவனுக்கு அது ஒரு துணை. உன் மனைவி இருந்தவரை அந்த வீட்டுக்கு நாலு கண் இருந்தது. இப்போது உன்னுடைய இரண்டுதான், அதுவும் பகலிலேயே மூடிக்கொள்கிறது.

இன்னொருவனைப் பற்றி நான் எழுதக்கூடாது என்று நீ உத்தரவு போட்டிருக்கிறாய். "என் பிள்ளை பேச்சை எடுத்தால் உன் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்" என்று அவன் அம்மா போன வருத்தத்தோடு எழுதினாய். நான் எடுக்கவில்லை. கேமராவைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பதில் போடு.

அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் அனுதாபங்கள். இருமல் என்னை விட்டுவிட்டது. அத்தானின் கை கூடிவிட்டதா? அந்த "சரி சரி"க்காக நான் வருத்தப்பட்டதாக அவரிடம் சொல். போனில் ஒரே இரைச்சல்.

நீ சொன்னாயே என்று கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஆட்கள். ஒன்றில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு கிழவர் தயங்கித் தயங்கி நடந்து வந்தார். பாவம், இவருக்கு இந்த வயதில் கேமரா எதற்கு என்று நினைத்தேன். அவர் கையைத் தூக்கித் தலையைத் தடவியபோதுதான் அது நான் என்று தெரிந்தது. மேலிருந்து ஒரு நான், முதுகுப்பக்கம் ஒரு நான், வாசலில் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிற ஒரு நான். வெகுநேரம் அங்கேயே நின்றேன். தண்ணீருக்கு அடியில் இருந்து நம்மை நாமே எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர், முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். கூரையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒட்டிக்கொள்வது டோம் கேமராவாம். நீளமாக, வெளிச்சுவரில் மாட்டுவது புல்லட்டாம். கழுத்தைத் திருப்புகிற வகை ஒன்று இருக்கிறது, அது என்னைப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. வயர் இழுக்கிற வகை வேண்டுமா, வயரில்லாத வகை வேண்டுமா, எத்தனை நாள் பதிவு நிற்க வேண்டும், மழை தாங்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "என்ன பாக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க சார். அதுக்கப்புறம்தான் எந்தக் கேமராங்கறது" என்றார்.

யோசித்துப் பார், அக்கா. நான் எதைப் பார்க்க? தபால்காரர் வருகிறார், மீட்டர் பார்க்கிறவர் வருகிறார், பக்கத்து வீட்டுப் பூனை வருகிறது. வேறு யாரும் என் வாசல் மணியை அமுக்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வராதவர்களைப் படம் எடுக்கிற கேமரா இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

விலைத்தாளோடு திரும்பிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு எழுதுகிறேன், காகிதத்தில் கறை இருந்தால் கண்டுகொள்ளாதே. உன் அத்தான் கை கூடிவிட்டது. இப்போது அந்தக் கையை ஆட்டி ஆட்டி எனக்கு உத்தரவு போடுகிறார்.

மணியை அமுக்க ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவனையே தெரியாத ஆள் நீ. வாசலில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நீ சத்தியம் பண்ண முடியுமா?

வந்தது தெரிந்தும் கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் சில பேர் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களை எனக்கு அறவே பிடிக்காது. பொதுவாகச் சொல்கிறேன்.

நான் விசாரித்துவிட்டேன். வயர் இழுக்கிற வகையே வாங்கு. முதல் கேமரா வாசலுக்கு. மற்றது எங்கே வேண்டுமானாலும் வை, கொல்லைக்கு வை, கிணற்றுக்குள் வை. வாசலுக்கு ஒன்று கட்டாயம். பதிவு ஒரு மாசமாவது அழியாமல் நிற்கிற மாதிரி பெட்டி வாங்கு. சத்தமும் பதிவாகிற வகை இருக்கிறதாம், மைக் உள்ளேயே இருக்குமாம். அதை வாங்கு. வாசலில் நிற்கிறவர்கள் பேசுவது உனக்குக் கேட்க வேண்டும்.

இதை நீ செய்யவில்லை என்றால் முழங்காலோடு கிளம்பி நானே வந்துவிடுவேன். அப்புறம் உன் பாடு.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் மிரட்டல் பலித்துவிட்டது. கேமரா மாட்டியாகிவிட்டது, உன் முழங்காலை அங்கேயே பத்திரமாக வைத்துக்கொள்.

மாட்டிக்கொடுக்க வந்தவருக்கு நான் ஏணி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆளும் அப்படி, கையிலும் அதுதான். இரண்டு கேமரா போதும் என்று முடிவானது, வாசலுக்கு ஒன்று, மோட்டார் இருந்த இடத்துக்கு ஒன்று. கேட்டுக்கு உள்ளே வந்து நிற்கிறவர்கள் தெரிகிற மாதிரி, கதவுக்கு மேலே சன்ஷேடுக்கு அடியில் மாட்டினார். திருடன் கைக்கு எட்டக்கூடாது, அதனால் எல்லோருக்கும் அந்த உயரம்தானாம். சுவரில் டிரில் ஓடியபோது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கை கிடுகிடுவென்று ஆடியது. ஆலையில் தறிக்குப் பக்கத்தில் நின்ற காலம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டுப் போனது.

பதிவுப் பெட்டியை அலமாரியில் வைத்து, மானிட்டரை முன்னறையில் என் நாற்காலிக்கு நேரே வைத்துவிட்டார். மைக் உள்ள வகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படம் போதும். கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இது பிடித்துப்போய்விட்டது. காலையில் டீ கலந்துகொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை. வெளியே இருக்கிற அதே தெருதான். ஆனால் இதற்குள் அது வேறு ஏதோ ஒரு காலத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. மரத்தின் நிழல் கேட்டின் கம்பிகள் மேல் ஏறி, இறங்கி, மத்தியானத்தில் காணாமல் போகிறது. ஒரு காகிதம் பறந்து வந்து, யோசித்து, திரும்பிப் போகிறது. தூறல் விழுந்த அன்று படம் பால் மாதிரி வெளுத்துவிட்டது. அதில் குடையோடு போன ஒரு பெண்ணை இவள்தான் என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டேன். போன இடத்திலிருந்து யார் குடை பிடித்துக்கொண்டு வரப்போகிறார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சிலந்தி கேமராவுக்குக் குறுக்கே வலை கட்டியிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அந்த வலைக்குள் நடந்து போகிறார்கள். ஏணி வந்து துடைக்கிறேன் என்றார். நான்தான் இருக்கட்டும் என்றேன்.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில். முழங்கால் வெயிலுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீ நிறையத் தண்ணீர் குடி, டீயாகவே குடித்துக்கொண்டிருக்காதே.

கேமரா மாட்டியதில் சந்தோஷம். சிலந்தியைப் பார்க்கிறாய், நிழலைப் பார்க்கிறாய், காகிதத்தைப் பார்க்கிறாய். அதற்கா உன்னை வாங்கச் சொன்னேன்? நடக்கிறதை மட்டும் பார்க்கிறாயா, நடந்து முடிந்ததையும் பார்க்கிறாயா? பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது. தெரியாவிட்டால் உன் ஏணியைக் கூப்பிட்டுக் கற்றுக்கொள்.

கற்றுக்கொண்டதும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைப் பார். நீ அந்த நேரத்தில்தான் கொல்லையில் துணி துவைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிறு மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதே. எல்லா ஞாயிறும் பார்.

எதற்கு என்று கேட்காதே. நீ போட்ட உத்தரவுக்கு நான் கட்டுப்பட்டவள். கேமராவுக்கு அந்த உத்தரவு கிடையாது.

அக்கா

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? பதிவைப் பார்த்தாயா? பார்த்து, அதனால் கோபமா?

கோபமாக இருந்தால் திட்டி எழுது. திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. எழுத உட்கார்ந்தால் மானிட்டர் பக்கம் கண் போய்விடுகிறது.

வாசல் கேமராவை மாற்றிவிட்டேன். முதலில் ஏணிக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானே சார் தெரியுது, எதுக்கு மாத்தணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மேலிருந்து பார்க்கிறதில் நிற்கிறவரின் உச்சந்தலைதான் தெரிகிறது, எனக்கு முகம் வேண்டும் என்றேன். அழைப்பு மணிக்குப் பக்கத்தில், ஆள் முகத்துக்கு நேரே மாட்டச் சொன்னேன். அந்த உயரத்தில் யாரும் மாட்ட மாட்டார்கள், திருடன் ஒரு கல்லால் உடைத்துவிடுவான் என்று வாதாடினார். உடைத்தால் உடைக்கட்டும் என்றேன். பழைய கேமராவை எடுத்துக்கொண்டு, மெகாபிக்சல் அதிகமானதாக, வாய் அசைவு துல்லியமாகத் தெரிகிற மாதிரி ஒன்று கேட்டேன். அப்படி ஒரு கணக்கில் யாரும் இதுவரை கேமரா கேட்டதில்லையாம். கடையில் மூன்று கேமராக்களை எதிரே வைத்து, ஏணியைப் பேசச் சொல்லி, மானிட்டரில் அவர் வாயைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

இரட்டைச் சுழி உள்ளவர்களை நீ எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாய், அக்கா? நான் ஒரே ஒரு தலையைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு நானே எண்ணெய் வைத்திருக்கிறேன், சோப்புப் போட்டிருக்கிறேன். சீப்பு எந்தப் பக்கம் போனாலும் முடி எதிர்ப்பக்கம் நிற்கும். இப்போது அந்தச் சுழிகளைச் சுற்றி முடி மெலிந்துவிட்டது. மேலிருந்து எடுத்த படத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

வேறு ஒன்றும் இல்லை. சிலந்தி வலை பழைய கேமராவோடு போய்விட்டது.

தம்பி

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுததில் உன் அத்தான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார். மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

இனி உன் உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசுகிறேன். அவன் ஒரு வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறான். அவன் ஓட்டுகிற லாரி இந்தப் பக்கம் வருகிற ஞாயிறுகளில் எல்லாம் வருவான். வாசலில் நின்று கூப்பிடுவான். திரும்பிப் போகிறபோது எனக்குப் போன் பண்ணுவான். "அத்தை, இன்னிக்கும் திறக்கல." அவ்வளவுதான் சொல்வான். வேறு பேச்சு பேசிவிட்டு வைத்துவிடுவான்.

அவன் அம்மாவைக் கொண்டுபோன மறுநாள் நீ அவனிடம் சொன்னாயாமே. "இனிமே வந்தா வெளியில நின்னு கூப்பிடு. எனக்கு மனசிருந்தா திறப்பேன். திறக்கலைன்னா போயிடு." அந்தச் சொல்லை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். உன் பிள்ளைதானே, பிடிவாதம் எங்கிருந்து வரும். நீ கதவைத் திறக்கவில்லை என்றால் அதுதான் உன் பதில் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறான். உன் செருப்பு வாசலில் கிடக்கிறது, உள்ளே ஃபேன் ஓடுகிறது. வேறு எப்படி நினைப்பான்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தம்பி நெஞ்சில் ஈரம் வற்றிவிட்டது என்று உன்னை மனசுக்குள் என்னவெல்லாமோ திட்டினேன். பிள்ளை நிற்கிற கோலத்தைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தாலாவது உருகுவாய் என்றுதான் கேமரா, கேமரா என்று உயிரை வாங்கினேன்.

ஆனால் இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. மோட்டார் போனது தெரியவில்லை. போனில் எல்லாவற்றுக்கும் சரி சரி. மைக் வேண்டாம், படம் போதும். வாய் அசைவு தெரிகிற கேமரா. தம்பி, உனக்குக் காது கேட்கிறதா? உண்மையைச் சொல்.

நீ சொல்கிறவரை அவனிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்கவில்லை.

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு நாள் காலையில் எழுந்தபோது ஒன்றுமே இல்லை. ஆலை எடுத்துக்கொண்டது. முப்பது தறிகள் ஓடுகிற கூடத்தில் யாரும் யாரிடமும் கத்திப் பேசிப் பிரயோஜனம் இல்லை, நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவன் என்னைக் கிண்டலடித்தால் இந்தக் கோடியிலிருந்தே பதில் சொல்வேன். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இத்தனை நாள் ஊரை ஏமாற்றினேன். கடைக்காரர், தபால்காரர், ஏணி, யாருக்கும் தெரியாது. போனுக்கு உதடு கிடையாது, அதனால் நீ மட்டும் சந்தேகப்பட்டாய்.

ஏன் மறைத்தாய் என்பாய். தெரிந்தால் என்னைத் தனியாக இருக்க விடமாட்டீர்கள். இவள் இருந்த வீட்டை விட்டுப் போக என்னால் முடியாது.

இப்போது புதுக் கேமராவின் பதிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன். அவன் பேசுகிறான், அக்கா. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கதவோடு பேசுகிறான். முதலில் "அப்பா, நான்தான்" என்கிறான். கொஞ்சம் பொறுத்து, "உள்ளதான் இருக்கீங்க, தெரியும்" என்கிறான். அப்புறம் லாரியைப் பற்றி, மலைப்பாதையில் பார்த்த ஒரு மயிலைப் பற்றி, கிளீனருக்குக் கல்யாணம் நிச்சயமானதைப் பற்றி. "இருமல் எப்படி இருக்கு? திட்டணும்னா திறந்து திட்டிட்டு மூடிக்குங்க." ஒரு ஞாயிறு அவன் அம்மாவைப் பற்றிப் பேசினான். "அன்னிக்கு மண்ணு சரிஞ்சு ரோடு மூடிடுச்சுப்பா. வண்டிய அங்கயே விட்டுட்டு நடந்துதான் வந்தேன். அதைச் சொல்லவே விடல நீங்க." அந்த இடத்தை நான் எத்தனை தடவை பின்னால் ஓட்டினேன் என்று தெரியாது. உதட்டைத் தப்பாகப் படித்திருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். தப்பில்லை. நடந்து வந்த பிள்ளையைப் பார்த்து, அம்மா முகத்தைப் பார்க்கக்கூட நேரத்துக்கு வராதவன் என்று திட்டியிருக்கிறேன்.

நேற்று ஞாயிறு. இத்தனை ஞாயிறும் அவனை நேரில் பார்க்கப் பயந்து கொல்லைக்கே போய்விட்டேன்; நேற்று துணி துவைக்கப் போகவில்லை, மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்தான். பதிவு இல்லை, அப்போதே நடப்பது. கதவுக்கு வெளியே நிஜமாக நின்று, கண்ணெதிரே பேசினான். எழுந்து போய்த் திறக்க வேண்டியதுதானே? நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவன் அடுத்து என்ன சொல்கிறான் என்பதைத் தவறவிட்டுவிடுவேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். கனவில் கால் நகராதே, அப்படி. படத்தில் இருக்கிற பிள்ளையும் கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளையும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் போன பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்த் திறந்தேன். தெருவில் யாருமில்லை.

போவதற்கு முன்னால் சொன்னான். "அடுத்த ஞாயிறுதான்ப்பா கடைசி. என்னை வடக்கு ரூட்டுக்கு மாத்திட்டாங்க. இனி இந்தப் பக்கம் வண்டி வராது. அன்னிக்கும் திறக்கலைன்னா நான் புரிஞ்சிக்கறேன்."

அவனுக்கு ஒரு வரி எழுதிப்போடு என்பாய். என் வாசலில் நிற்கிறவனுக்குத் தபாலா? நீயும் சொல்லாதே. என் வாயால்தான் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது.

தம்பி

ஜூன் 27

தம்பி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீ சொன்ன ஞாயிறு முடிந்தே போய்விட்டது. அவனுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருக்கிறான். உனக்குப் போன் போட்டு என்ன பயன்.

நலம் விசாரிக்கவெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை. கதவைத் திறந்தாயா?

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மானிட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டேன். அது ஓடினால் மறுபடி உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. பிறகு கதவுக்கு உள்பக்கம் போய் நின்றுகொண்டு உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தேன். ஆலையில் தறி சரியாக ஓடுகிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். கதவைத் திறந்தே வைத்திருக்கலாமே என்பாய். அது தோன்றவில்லை. அவன் தட்டுவான், நான் திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. கதவிடுக்கில் வந்த வெயில் என் காலில் விழுந்து, விரலில் ஏறி, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. லாரி போனால் கதவு லேசாக நடுங்கும். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் தாழ்ப்பாளில் கை போய்த் திரும்பியது. நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேனோ என்னவோ, இவள் சமையலறையிலிருந்து வந்து, ஏன் இப்படி நிக்கறீங்க என்று கேட்ட மாதிரி இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது உள்ளங்கைக்குள் தட்டல் விழுந்தது.

திறந்தேன். அவன் வாய் "அப்பா, நான்" என்பதில் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தான், திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

"எனக்குக் காது போயிடுச்சுடா" என்றேன். "நீ கூப்பிட்டது ஒரு தடவகூட எனக்குத் தெரியாது."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, அதை வைத்துப் பார்த்தால் தெருவுக்கே சொல்லியிருக்கிறேன். அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. என் தோளில் சாய்ந்துவிட்டான். அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். உதடு தெரியவில்லை, என் தோள் எலும்பு மட்டும் அதிர்ந்தது. அப்புறம் அவன் தலையை நிமிர்த்தி, "மண்ணு சரிஞ்ச ரோட்டுல நடந்து வந்தியாமே, எனக்குத் தெரியாம போச்சு" என்றேன். அது போதும் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். உதடு துடித்துக்கொண்டிருந்ததால் அவன் பதிலை என்னால் படிக்க முடியவில்லை.

உள்ளே வந்தான். நான் போட்ட டீயைக் குடித்தான். உப்பைப் போட்டுவிட்டேன் என்று பிறகு நான் குடித்தபோதுதான் தெரிந்தது. என்னோடு வந்துவிடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. வடக்கு ரூட் வேண்டாம் என்று கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் மாசம் ஒரு தடவை ரயிலில் வருகிறேன் என்றான். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, வாயைப் பெரிதாகத் திறந்து சொல்கிறான். அப்படிப் பேசினால் உதட்டைப் படிக்கவே முடியாது. அதை அவனிடம் சொல்லவில்லை, பழகட்டும்.

இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவன், பேசிக்கொண்டே தரையில் சாய்ந்து தூங்கிவிட்டான். தலையணை வைத்தேன், அதற்கும் எழுந்திருக்கவில்லை. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவன் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். மானிட்டர் அணைந்தேதான் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாசம் அவன் ஒரு வாரம் லீவில் இங்கே வருகிறான், அப்போது நீயும் கிளம்பி வா. அவன் குறட்டை விடுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்.

தம்பி